ஜனாதிபதியின் மூக்குக்கண்ணாடியும் ஐந்து மணிக் கையெழுத்தும்

போன மாதம் புதிய வழிகாட்டிகள் நீங்கள் ஐந்து பேரும் என்னைத் தேநீருக்கு அழைத்திருந்தீர்கள். நல்ல பிள்ளைகள், மரியாதையாக உபசரித்தீர்கள். ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தால் ஒருவருடைய முகமும் எனக்கு ஞாபகம் இல்லை. கைகள்தான் ஞாபகம் இருக்கின்றன. ஒருவருடைய இடது கையில் வெள்ளிக் காப்பு. ஒருவர் நகத்தைக் கடிக்கிறவர். இன்னொரு பிள்ளை தோளில் மாட்டிய பையைக் கடைசிவரை இறக்கவில்லை. ஏன் இறக்கவில்லை என்று பஸ்ஸில் வரும்போதுகூட யோசித்துக்கொண்டு வந்தேன். ஓய்வு பெற்று நாலு வருடமாகிவிட்டது, இந்த வியாதி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

அன்றைக்கு உங்களில் ஒருவர் ஒன்று கேட்டார். மாலைப் புத்தகத்தில் வழிகாட்டி கையெழுத்து வைப்பது சரி, அதற்குக் கீழே துப்புரவு செய்கிறவர் எதற்குக் கையெழுத்து வைக்கவேண்டும், அவருக்கு அதில் என்ன வேலை என்று கேட்டார். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக எனக்கு என்மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். முழுவதும் என் வண்டவாளம்தான், ஆகவே நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். அந்தக் கையெழுத்தைப் பார்த்து மட்டும் சிரிக்காதீர்கள்.

நீங்கள் வேலை செய்யும் வீடு எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் இதை வெளியாள் யாராவது வாசித்தால் முழிக்கக்கூடாது. கண்டியிலிருந்து ஹேவாஹெட்டப் பக்கம் போகும் வீதியில், பஸ்ஸில் அரை மணி நேரம் போனால், ஒரு முன்னாள் ஜனாதிபதி கடைசிக் காலத்தில் வாழ்ந்த வீடு. அவர் போன பிறகு, அவர் விட்டுப்போனபடியே வைத்திருக்கிறார்கள். தொப்பி தொப்பித் தாங்கியில், சப்பாத்து கட்டிலுக்குக் கீழே, பாதி எழுதிய கடிதம் படுக்கையறைச் சிறு மேசையில். பாடசாலைப் பிள்ளைகள், பென்சன்காரர், வெளிநாட்டார், புதிதாகக் கலியாணம் முடித்தவர்கள் என்று எல்லாரும் பார்க்க வருவார்கள். நான் யாழ்ப்பாணத்திலிருந்து இடமாற்றத்தில் வந்து, திரும்பிப் போகாமல் இங்கேயே தங்கிவிட்டவன். தமிழிலும் ஆங்கிலத்திலும் அந்த வீட்டைக் காட்டுவதுதான் என் வேலை.

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணமல்ல. சேர்ந்த இரண்டாம் வருடத்தில், வாசல் அறையிலிருந்த ஒரு பித்தளைச் சாம்பல் கிண்ணம் காணாமல்போனது. எனது குழுவில் வந்த யாரோ எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். வாங்கிய பேச்சில் எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அன்றைக்குப் பிறகு நான் வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். நீளக்கை சேர்ட் போட்டிருக்கிறாரா, மழையில்லாத நாளில் குடை எதற்கு, சேலைத் தலைப்பு ஏன் அந்தப் பக்கம் தொங்குகிறது என்று பார்க்கத் தொடங்கினேன். வாய் தன்பாட்டில் பேசும், கண் கைகளில் நிற்கும். அதைப் பெரிய திறமை என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாசிப்பு அறைதான் இந்தக் கதைக்கு வேண்டியது. வாசலில் சிவப்புக் கயிறு. கயிற்றிலிருந்து மேசைக்குப் பத்தடி இருக்கும். வெயில் பட்டுப் பொருள்கள் பழுதாகக்கூடாது என்று திரைச்சீலை எப்போதும் மூடியிருக்கும், அதனால் உள்ளே மங்கல்தான். மேசையில் ஒரு புத்தகம் விரித்தபடி. அதன்மேல் தங்க நிற விளிம்பு போட்ட மூக்குக்கண்ணாடி. அந்த இடத்தில் வந்ததும் நான் குரலை இறக்கிச் சொல்வேன்: "அவர் இப்போதுதான் தேநீர் குடிக்க எழுந்து போயிருக்கிறார். கண்ணாடியைக் கழற்றி வைத்த விதத்தைப் பாருங்கள்." எல்லாரும் கயிற்றில் சாய்ந்து எட்டிப் பார்ப்பார்கள். சிலர் உச்சுக் கொட்டுவார்கள். என் பேச்சில் எல்லாருக்கும் பிடித்த இடம் அதுதான். அந்த நேரத்தில் நான் எங்கே பார்ப்பேன்? எல்லாரும் மேசையைப் பார்க்கும்போதுதானே ஒருவன் பக்கத்து அலுமாரியில் கை வைப்பான். நான் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பிறகு மாலைப் புத்தகம். ஐந்து மணிக்கு வாசல் பூட்டியதும், அன்றைய வழிகாட்டி ஒவ்வொரு அறையாகப் போய், பட்டியலில் உள்ள பொருள்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்து, "எல்லாம் சரி" என்று எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். கண்டிக்குப் போகும் பஸ் ஐந்து பத்துக்கு வரும். அதை விட்டால் ஆறு மணிக்கு மேல்தான் அடுத்தது, அதுவும் நிரம்பி வழிந்துகொண்டு வரும். ஆகவே நான் நாலரைக்கே, கடைசிக் குழு உள்ளே நிற்கும்போதே, முன் மண்டபத்தில் கதிரையில் இருந்தபடி "எல்லாம் சரி" என்று எழுதிவிடுவேன். ஒருநாள் இரண்டுநாள் அல்ல, வருடக்கணக்காக அப்படித்தான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அதனால் அது பொய் என்றே எனக்குத் தோன்றவில்லை.

அந்த வீட்டில் துப்புரவுக்கு இருந்தவர் தெய்வானை. ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து காலையில் முதல் பஸ்ஸில் வருவார். சமயாசமய ஊழியர் என்று ஒரு வகை உண்டு, நிரந்தர நியமனம் இல்லாமல் வருடக்கணக்காக வைத்து வேலை வாங்குவார்கள். அப்படித்தான் அவரையும் பதினொரு வருடம் வைத்திருந்தார்கள். அந்த வருடம்தான் நிரந்தரமாக்குவதற்கான பட்டியலில் அவருடைய பெயர் போயிருந்தது. அதிகம் பேசமாட்டார். கும்பிடு போடுவது, குழைவது எதுவும் கிடையாது. அவர் அப்படிக் குழையாதது எனக்குப் பிடிக்காது என்பதையும் இங்கே சொல்லிவிடவேண்டும்.

மாதத்தில் முதல் திங்கட்கிழமை வீடு மூடியிருக்கும். அன்றைக்கு மட்டும்தான் கயிற்றைக் கழற்றி, தெய்வானை உள்ளே போய் மெல்லிய தூரிகையால் மேசையைத் தூசி தட்டலாம். வழிகாட்டி ஒருவர் கூட நிற்கவேண்டும் என்பது விதி. அந்தத் திங்கட்கிழமை நான் வந்து, நடைக்கூடத்தில் நின்று யாருடனோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். தெய்வானை கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார்.

"சேர், கண்ணாடிய எங்க வச்சிருக்கீங்க?"

புத்தகத்தின் மேலே இருக்கும், பாருங்கோ என்றேன், காதிலிருந்து தொலைபேசியை எடுக்காமலே.

"புத்தகத்து மேல இல்ல சேர். போன மாசம் நான் தொடைக்கிறப்ப இருந்துச்சு. இப்ப இல்ல."

ஓடிப் போய்ப் பார்த்தேன். விரித்த புத்தகம் வெறுமனே கிடந்தது. மேசைக்குக் கீழே, கதிரைக்குக் கீழே, மேசை லாச்சிகளை இழுத்து, கம்பளத்தைப் புரட்டி, எல்லா இடமும் தேடினோம். எங்கேயும் இல்லை.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது முதல்நாள் ஞாயிற்றுக்கிழமை கடைசியாக வந்த ஒரு மனிதர். மழைக்கோட்டுப் போட்ட உயரமான ஆள். விளிம்பு உண்மையான தங்கமா என்று என்னிடம் கேட்டவர். அவன்தான், அவனேதான் என்று மனம் அடித்துச் சொன்னது. ஆனால் பொறுப்பதிகாரியிடம் சொல்லப் போகிற வழியில் காலில் ஏதோ தட்டின மாதிரி நின்றேன். அந்த ஆள் போனது ஐந்து மணிக்கு முன்னால். ஐந்து மணிக்கு எல்லாம் சரி என்று நான் எழுதியிருக்கிறேன். அவர் எடுத்தார் என்றால் என் கையெழுத்து பொய். என் கையெழுத்து மெய்யாக இருக்கவேண்டுமென்றால், கண்ணாடி போனது ஞாயிறு ஐந்து மணிக்குப் பிறகாகத்தான் இருக்கவேண்டும். அப்படி ஒரு கணக்கை என் மூளை போட்டது, நானும் அதைத் தடுக்கவில்லை.

பொறுப்பதிகாரி ஒரு சிங்களப் பெண்மணி. கண்டிப்பானவர், ஆனால் நியாயம் பார்க்கிறவர். அவர் புத்தகத்தைத் திறந்து என் கையெழுத்தில் விரல் வைத்து, நேற்று ஐந்து மணிக்கு நீங்கள் கண்ணால் பார்த்தீர்கள்தானே என்று கேட்டார். ஓம் என்றேன். ஒரே ஒரு சொல்.

மீதியைப் புத்தகமே பார்த்துக்கொண்டது. ஐந்து மணிக்கு இருந்தது. காலையில் இல்லை. காவலாளியின் சாவிக்கொத்தில் வெளிக் கேற்றின் திறப்பு மட்டும்தான் உண்டு. குசினிக் கதவின் திறப்பு, காலையில் வந்து கூட்டவேண்டும் என்பதற்காக, தெய்வானையிடம் இருந்தது. நான் வருவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் அவர் தனியாக உள்ளே இருந்திருக்கிறார். யாரும் அவர் பெயரைச் சொல்லவேண்டிய தேவையே இருக்கவில்லை.

பொறுப்பதிகாரி அவருடைய பையைப் பார்க்கச் சொன்னார். தமிழில் விளங்கப்படுத்த வேண்டும் என்று அந்த வேலையை என்னிடம் தந்தார். உள்ளே ஒரு அறையில் வைத்துப் பார்த்திருக்கலாம். நான் கேற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். காவலாளியும் சாட்சிக்கு நிற்கட்டும் என்று எனக்குள் ஒரு நியாயம். வீடு பூட்டியது தெரியாமல் வந்த ஒரு வான் வாசலில் நின்றது, அதில் வந்தவர்கள் இறங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதில்மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். சாப்பாட்டுப் பெட்டி. அதைத் திறந்து ரொட்டியைப் புரட்டிக்கூடப் பார்த்தேன். ஒரு சின்னக் குடை, சீப்பு, தலையிடித் தைலம். ஒரு பிளாஸ்டிக் உறையில் சில காகிதங்கள், நிரந்தர நியமனத்துக்குக் கேட்டிருந்த சான்றிதழ்களின் பிரதிகள். கண்ணாடி இல்லை.

அப்போதுதான், நான் பையை வாங்கியதிலிருந்து முதல் தடவையாக, அவர் வாயைத் திறந்தார்.

"நாந்தான சேர் காணோம்னு வந்து சொன்னேன்."

நான் சொன்ன பதிலை இன்றைக்கும் எழுதக் கை கூசுகிறது. "எடுத்தவையும் அப்பிடித்தான் முதல்ல வந்து சொல்லுவினம்" என்றேன். வானில் வந்தவர்கள் கேட்கும்படி சொன்னேன்.

அவர் காகித உறையை மட்டும் எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தார். மற்றதை எல்லாம் பையில் போட்டுக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமைவரை தவணை, கண்ணாடி வரவில்லை என்றால் பொலிஸில் முறைப்பாடு, அதுவரை வேலைக்கு வரத் தேவையில்லை என்று பொறுப்பதிகாரி சொல்லிவிட்டார். பொலிஸில் ஒரு முறைப்பாடு விழுந்தால் நிரந்தர நியமனம் என்ற பேச்சே இல்லை. பதினொரு வருடம் அப்படியே போய்விடும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை வழமைபோல வேலை. குழுக்களைக் கூட்டிக்கொண்டு போனேன். வாசிப்பு அறையில் மட்டும், கண்ணாடி துப்புரவுக்காக எடுக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லச் சொல்லியிருந்தார்கள். அதையும் கைகளைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

புதன்கிழமை பின்னேரம், மடவளையிலிருந்து ஓர் ஆசிரியர் வந்தார். இரண்டு வாரத்துக்கு முன்னால் தன் வகுப்புப் பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தவர். எனக்கு முகம் ஞாபகம் இல்லை, விரல்களில் படிந்திருந்த வெண்கட்டித் தூள்தான் ஞாபகம். கடதாசி சுற்றிய ஒரு பொருளைக் கக்கத்தில் வைத்திருந்தார். என் கண் முதலில் அதற்குத்தான் போனது. பிள்ளைகள் சேர்ந்து படம் ஒன்றைச் சட்டம் போட்டிருக்கிறார்கள், வீட்டில் மாட்டி வைக்கும்படி கொடுக்க வந்தேன் என்றார். ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கலாம் என்பது நம் விதிதானே, அவர் தன் கைத்தொலைபேசியில் எடுத்த படம். பிரித்துக் காட்டினார்.

படத்தில் இடது பக்கம் நான். கை மேசையை நோக்கி நீண்டிருக்கிறது, வாய் திறந்திருக்கிறது, முகத்தில் ஒரு பெருமை. கயிற்றில் சாய்ந்தபடி பிள்ளைகள். அன்றைக்குக் காற்றில் திரைச்சீலை விலகியிருக்கவேண்டும், சாளர வெளிச்சம் நேரே மேசையில் விழுந்திருக்கிறது. விரித்த புத்தகத்தின் இரண்டு பக்கமும் வெள்ளைவெளேரென்று தெரிகின்றன. மேலே ஒன்றுமே இல்லை.

நான் காட்டிக்கொண்டு நிற்கிறேன், இல்லாத கண்ணாடியை. இன்னொன்றையும் பார்த்தேன். படத்தில் என் கண் மேசையிலும் இல்லை, பிள்ளைகளின் முகத்திலும் இல்லை. ஒரு பிள்ளை தண்ணீர்ப் போத்தல் பிடித்திருக்கும் கையில் நிற்கிறது.

ஆசிரியர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"கொற சொல்றதா நெனச்சிடாதீங்க சேர். அன்டக்கி மேசைல கண்ணாடி ஈக்கல்ல தானே? நீங்க அவ்வளவு உறுதியா சொன்னதால, தூரத்துல நிண்டு பாக்குறதால எங்கட கண்ணுக்குத்தான் வெளங்கல்ல போலண்டு இருந்துட்டோம்."

துப்புரவுக்கு எடுத்திருந்தோம் என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தேன். அதுவும் பொய். வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். அவர்கள் வந்தது கண்ணாடி காணாமல்போனதாக நாங்கள் சொன்ன நாளுக்குப் பதினொரு நாள் முன்னால். மற்ற வழிகாட்டி லீவில் நின்றதால் அந்தப் பதினொரு நாளும் என் கையெழுத்துத்தான் இருந்தது. பதினொரு முறை எல்லாம் சரி. நாளுக்கு ஐந்தாறு குழு, ஒவ்வொரு குழுவுக்கும் வெறும் புத்தகத்தைக் காட்டி, கழற்றி வைத்த விதத்தைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். எல்லாரும் உச்சுக் கொட்டியிருக்கிறார்கள்.

பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? படத்தைத் திரும்பக் கடதாசியில் சுற்றி என் பைக்குள் வைத்தேன். ஐந்து மணிக்குக் கேற்றடியில் காவலாளி எழுந்து நின்று கதவைத் திறந்துவிட்டார். என் பையை அவர் பார்க்கவில்லை. யாரும் ஒருநாளும் பார்த்ததில்லை. வீட்டுக்கென்று வந்த ஒரு பொருளை உள்ளே வைத்துக்கொண்டு நான் வெளியே போனேன். தெய்வானை நின்ற அதே மதிலடியால்தான் போனேன்.

பஸ்ஸில் மனம் ஓயாமல் வழக்காடியது. படம் பழையது என்று சொல்லலாம். வெளிச்சம் கூடியதால் கண்ணாடி படத்தில் விழவில்லை என்று சொல்லலாம். ஒன்றுமே சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? தலைமை வழிகாட்டி பதவிக்கு என் பெயர் பேசப்பட்டுக்கொண்டிருந்த காலம். கண்டி குட்செட் பஸ் நிலையத்தில் இறங்கினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. ஹேவாஹெட்ட பஸ்ஸுக்கு நின்ற வரிசையில் ஒரு பெண் மிச்சக்காசைத் தேடிப் பையைத் திறந்தார். என் கண் தானாக அந்தப் பைக்குள் போனது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டுப் பையை நெஞ்சோடு சேர்த்து மூடிக்கொண்டார். கள்ளனைப் பார்க்கிற பார்வை. திங்கட்கிழமையும் தூறல்தான். ஈர மதிலில் நான் வைத்த அந்தக் காகித உறை அப்போதுதான் ஞாபகம் வந்தது. தெய்வானை அதைத் துடைத்தது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. எனக்குப் பெரிய வெட்கமாகப் போய்விட்டது. நனைந்தபடி அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

என்னை நல்ல மனுசன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் படம் ஆசிரியரின் தொலைபேசியிலும் இருக்கிறது, எப்போதாவது வெளியே வரும் என்ற பயமும் எனக்கு இருந்தது. வெட்கம் எவ்வளவு, பயம் எவ்வளவு என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. என்மேலேயே எனக்குச் சந்தேகம்தான்.

வியாழன் காலை படத்தைக் கொண்டுபோய்ப் பொறுப்பதிகாரியின் மேசையில் வைத்தேன். வருகைப் பதிவேட்டையும் பக்கத்தில் திறந்து வைத்தேன். நாலரைக்குக் கதிரையில் இருந்தபடி கையெழுத்து வைக்கும் பழக்கத்தையும் சொன்னேன். அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன், ஏசவில்லை. இதையெல்லாம் ஒரு கடிதமாக எழுதித் தாருங்கள், பிறகு நீங்களே போய் அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள் என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அன்றைக்கே தோட்டத்துக்குப் போனேன். விசாரித்துக்கொண்டு ஏறிப்போனால், தெய்வானை, தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்துக்கு முன்னாலுள்ள தண்ணீர்ப் பீலியில் குடத்துக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு மூன்று பெண்கள். என்னைக் கண்டதும் அவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். தனியாகப் பேசலாமா என்று கேட்க நினைத்தேன். கேற்றடியில் நான் தனியாகப் பேசவில்லையே என்ற நினைப்பில் கேட்காமல் விட்டேன். எல்லார் முன்னாலும் சொன்னேன். கண்ணாடி முன்பே போய்விட்டது, நான் பார்க்காமல் எழுதினேன், உங்கள்மேல் பிழையில்லை, பிழை என்மேல், நான் சொன்ன சொல்லுக்கு மன்னிக்கவேண்டும் என்று. குடம் நிரம்பி வழிந்தது. அவர் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இத எழுதிக் குடுத்திட்டீங்களா சேர், இல்ல வாயால சொல்றீங்களா?"

எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றேன்.

"அப்ப திங்கக்கெழம வர்றேன். ஆனா இனி நானும் கூட வந்து பாப்பேன். பாத்துட்டு நானும் கையெழுத்து வைப்பேன். நாளைக்கி ஒண்ணு காணாமப் போனா ஒங்க எழுத்த மட்டும் நம்பி நான் நிக்க முடியாது."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

பொறுப்பதிகாரி உடனே ஒத்துக்கொண்டார். மாலைப் புத்தகத்தில் இரண்டாவது கையெழுத்துக்குக் கோடு விழுந்தது அப்படித்தான். எனக்கு ஆறு மாதம் வழிகாட்டி வேலை இல்லை, கேற்றடியில் வருகிறவர்களின் பை பார்க்கும் வேலை. தலைமை வழிகாட்டி பதவி வேறொருவருக்குப் போனது. அது கிடக்கட்டும், எனக்குக் கிடைக்கவேண்டியதுதான் கிடைத்தது. ஆனால் இந்த அமளியில் தெய்வானையின் காகிதங்கள் மேலே போகாமல் நின்றுவிட்டன. அந்தமுறை பட்டியல் அவரில்லாமல் வந்தது. அடுத்த பட்டியலில்தான் நிரந்தரம் கிடைத்தது. என் ஒரு ஓம் அவருக்கு அவ்வளவு காலம் எடுத்தது.

கண்ணாடி கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைக்கவில்லை. எப்போது போனது என்றே தெரியாதபோது யார் எடுத்தார் என்று எப்படித் தேடுவது? ஒரு மாதத்தில் வந்துபோன அத்தனை பேரும் ஆகலாம், உள்ளே இருந்த நாங்கள் யாரும் ஆகலாம். எனக்கு ஒருவர்மேல் இன்னும் சந்தேகம் உண்டு. பெயர் சொல்லமாட்டேன். இப்போது மேசையில் இருப்பது அதே மாதிரி செய்வித்தது. அதற்குப் பக்கத்தில், இது அசல் அல்ல என்று சொல்லும் சிறிய அட்டையை நீங்கள் வருகிறவர்களுக்கு வாசித்துக் காட்டுவதில்லை என்று கேள்வி. வாசியுங்கள்.

தெய்வானை திரும்பி வந்த முதல் நாள், ஐந்து மணிக்குக் கேற்றடியில் நான் நின்றேன். வருகிறவர்களின் பைதான் என் வேலை, வேலைக்காரரின் பை அல்ல. அவர் நேரே வந்து, மதிலில் அதே இடத்தில் பையை வைத்து, அதன் வாயைத் திறந்து காட்டினார். தேவையில்லை தெய்வானை என்றேன்.

"இருக்கட்டும் சேர். பாருங்க."

பார்க்காமல் அவர் நகரவில்லை. பார்த்தேன். சாப்பாட்டுப் பெட்டி, குடை, சீப்பு, தைலம். அடுத்த நாளும் காட்டினார். அதற்கடுத்த நாளும். நான் வழிகாட்டி வேலைக்குத் திரும்பிய பிறகு, புத்தகத்தில் இருவரும் கையெழுத்து வைத்ததும், என் முன்னால் வந்து பையைத் திறப்பார். பொறுப்பதிகாரியிடம் சொல்லிப் பார்த்தேன், அவர் சொல்லியும் கேட்கவில்லை. எனக்குக் கோபமும் வந்தது, ஒளிக்கவில்லை. ஒருமுறை இதை நிறுத்துங்கோ என்று சத்தம் போட்டேன். அவர் முகம் மாறாமல் பையை இன்னும் கொஞ்சம் விரித்துப் பிடித்தார். மழையிலும், நிரந்தர நியமனக் கடிதம் வந்த அன்றைக்கும்கூட. அந்தக் கடிதமும் அன்று அந்தப் பைக்குள்தான் இருந்தது, நான் பார்த்தேன். நான் ஓய்வு பெறும்வரை ஏழு வருடம்.

கடைசி நாள் வந்தது. பிரியாவிடை, மாலை, பேச்சு எல்லாம் முடிந்து, ஐந்து மணிக்கு இருவரும் ஒவ்வொரு அறையாகப் போனோம். வாசிப்பு அறையில் கயிற்றடியில் நின்று கண்ணாடியைப் பார்த்தேன். முன் மண்டபத்துக்கு வந்து நான் எழுதினேன், அவர் கீழே எழுதினார். கேற்றடிக்கு நடந்தோம். அவர் பையைக் கையில் எடுப்பதற்கு முன், நான் என் பையை மதில்மேல் வைத்துத் திறந்தேன்.

பாருங்கோ தெய்வானை என்றேன்.

சிரித்து மழுப்பிவிடுவார், வேண்டாம் சேர் என்பார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன். அவர் அப்படிச் செய்யவில்லை. கிட்ட வந்தார். கையை உள்ளே விட்டார். மாலையை எடுத்து வெளியே வைத்தார். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்து மூடினார். நினைவுப் பரிசைச் சுற்றியிருந்த கடதாசியைப் பிரித்து, உள்ளே என்ன என்று பார்த்து, திரும்பச் சுற்றினார். அடியில் கிடந்த பத்திரிகையைத் தூக்கி அதற்குக் கீழேயும் பார்த்தார். கேற்றுக்கு வெளியே ஒரு வானில் வந்தவர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் காது சுட்டது. அவர் அவசரப்படவில்லை. எல்லாவற்றையும் இருந்தபடி அடுக்கி, பையின் வாயை இழுத்து மூடி, என் கையில் தந்தார்.

"சரியா இருக்கு சேர். போய்ட்டு வாங்க."

அன்றைக்கு அவர் தன் பையைத் திறந்து காட்டவில்லை. தோளில் மாட்டிக்கொண்டு, எனக்கு முன்னால் கேற்றைத் தாண்டிப் போனார்.